அத்தியாயம் 6: அரிசிப் பைப் படத்திலிருந்து வெக்டர் கோப்பு – எந்த வேலைக்கு எந்த இலவச மென்பொருள்?

அரிசிப் பை அச்சடிக்கும் இடத்தில் கேட்கும் முதல் கேள்வி, "வெக்டர் ஃபைல் இருக்கா?" என்பதுதான். நம் கையில் இருப்பதோ பழைய பையைச் செல்போனில் எடுத்த ஒரு படம், அல்லது வாட்ஸ்அப்பில் நாலு பேர் கை மாறி வந்த ஒரு ஜேபெக். டிடிபி கடையில் கொடுத்தால் செய்து தருவார்கள். ஆனால் மூலக் கோப்பை நீங்கள் கேட்டு வாங்காவிட்டால் அது அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை ஓர் எண்ணை மாற்றவும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

எண் மாறுவது அபூர்வமும் இல்லை. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையிலிட்டு லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. ஆலைகள் பலவும் 26 கிலோ சிப்பத்துக்கு மாறின. வெக்டர் கோப்பு கையில் இருந்தால் இப்படிப்பட்ட மாற்றம் 5 என்பதை 6 ஆக்குவதோடு முடிகிறது. படம் மட்டும் இருந்தால் பை முழுவதையும் புதிதாக வரைய வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பாவைத் துணிப் பையில் விற்கும் விவசாயி, ஒரத்தநாட்டில் மாவு அரைத்து விற்கும் மகளிர் குழு, கும்பகோணத்தில் சிக்குக் கோலத்தை மரப்பலகையில் லேசரால் பொறிக்க நினைப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இந்த அத்தியாயம். ஒரு சாதாரணக் கணினி போதும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய கோட்பாடு இரண்டே வரி. பிட்மேப் என்பது புள்ளிகளால் ஆன படம். பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடையும். வெக்டர் என்பது கோடுகளும் வளைவுகளும். ஒரு கிலோ பையிலும் லாரித் தார்ப்பாயிலும் ஒரே கூர்மையோடு நிற்கும்.

முதலில் மூன்று கேள்விகள்

மென்பொருளைத் தேடுவதற்கு முன் இவற்றுக்கு விடை எழுதி வையுங்கள். பாதித் தேர்வு இங்கேயே முடிந்துவிடும்.

1. கோப்பு எந்த இயந்திரத்துக்குப் போகிறது? ஸ்கிரீன் பிரிண்டிங், ஸ்டிக்கர் கட்டிங், லேசர், சிஎன்சி ஒவ்வொன்றுக்கும் தேவை வேறு.
2. எத்தனை நிறம்? துணிப் பையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன், தனிக் கூலி.
3. வெக்டர் உண்மையிலேயே வேண்டுமா? தங்க ரேக்கும் கற்களும் பதித்த தஞ்சாவூர் ஓவியத்தை வாழ்த்து அட்டையில் போடுவதென்றால் வேண்டாம். அதை வெக்டராக்கினால் மினுமினுப்பு போய், திட்டுத் திட்டான நிறம்தான் மிஞ்சும். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள நல்ல புகைப்படமாகவே கொடுங்கள். அந்த ஓவியத்தின் கோட்டு வரைவு மட்டும் போதுமென்றால், அது வெக்டருக்கு ஏற்ற வேலை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

*இங்க்ஸ்கேப்.* ஒன்றே ஒன்று போதுமென்றால் இது. 2003இலிருந்து வளர்ந்துவரும் திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். படத்தை வெக்டராக்குவது, திருத்துவது, அச்சகத்துக்கு அனுப்புவது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். விற்பனைக்கான வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். உரிமக் கட்டணம் கிடையாது.

*போட்ரேஸ்.* பீட்டர் செலிங்கர் எழுதியது. கறுப்பு வெள்ளை மட்டும்தான். இங்க்ஸ்கேப்புக்குள் இருப்பதும் இதே எந்திரம்தான் என்பதால், ஒன்றிரண்டு சின்னங்களுக்கு இதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. நூறு கோட்டுப் படங்களை ஒரே கட்டளையில் மாற்ற வேண்டும், கட்டளை வரியில் பழக்கமும் உண்டு என்பவர்களுக்கு இது வரம்.

*ஆட்டோட்ரேஸ்.* கோட்டின் இரு ஓரங்களை விட்டுவிட்டு நடுவே ஒற்றைக் கோடு எடுத்துத் தரும் வசதி இதன் சிறப்பு. இங்க்ஸ்கேப் 1.0 முதல் அதுவும் உள்ளேயே வந்துவிட்டது. கோலத்துக்கு இதுதான்.

*விடிரேசர்.* நிறம் அதிகமுள்ள படத்துக்கு. உலாவியிலேயே இயங்கும் வடிவமும் உண்டு. அதில் கணக்கீடு உங்கள் கணினியிலேயே நடக்கிறது.

*கிம்ப்.* இது வெக்டராக்கும் மென்பொருள் இல்லை. அதற்கு முன் படத்தைச் சுத்தம் செய்ய. இதை விட்டுவிட்டு நேரே மாற்றப் போகிறவர்களுக்குத்தான் வேலை இரட்டிப்பாகிறது.

சுருக்கமாக: துணிப் பை, சாக்கு, ஸ்டிக்கர் என்றால் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும். பல நிறச் சித்திரம் என்றால் விடிரேசரில் மாற்றி, இங்க்ஸ்கேப்பில் திருத்துங்கள். கோலம், லேசர் பொறிப்பு என்றால் இங்க்ஸ்கேப்பின் நடுக்கோட்டு வசதி.

பதிவிறக்கும்போது கவனம்

- அந்தந்த மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே எடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளில் போலிப் பொத்தான்கள் உண்டு. லினக்ஸ் என்றால் அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும்.
- கிராக் செய்த கோரல்டிராவைப் பென்டிரைவில் வாங்கி ஏற்றாதீர்கள். கூடவே வைரஸ் ஏறும், சட்டப்படியும் தவறு.
- படத்தை வாங்கி மாற்றித் தரும் இணையச் சேவைகளில், உங்கள் படம் அவர்களின் சர்வருக்குப் போகிறது. இன்னும் வெளியிடாத சின்னத்தை அங்கே ஏற்றாதீர்கள்.
- சில சேவைகள் தரும் எஸ்விஜி வெறும் உறை. உள்ளே அதே ஜேபெக்தான் இருக்கும். இங்க்ஸ்கேப்பில் திறந்து 'வியூ' மெனுவில் 'டிஸ்ப்ளே மோட்', பிறகு 'அவுட்லைன்' கொடுங்கள். நெற்கதிரின் கோடுகள் தெரிந்தால் அசல் வெக்டர். வெறும் செவ்வகச் சட்டம் மட்டும் தெரிந்தால் ஏமாற்று.

மெனுப் பெயர்களை ஆங்கிலத் திரையில் வருவது போலவே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். பதிப்புக்குப் பதிப்பு இடம் சற்று மாறலாம்.

படத்தைத் தயார் செய்தல்

ஆலைச் சாக்கை உற்றுப் பாருங்கள். நெடுக்கும் குறுக்குமாக ஓடும் பட்டை நூல்களின் மேல்தான் மை உட்கார்ந்திருக்கும். நம் கண் அந்தப் பின்னலைப் பொருட்படுத்தாது. மென்பொருள் ஒவ்வொரு கண்ணியையும் தனிக் கட்டமாக எண்ணிக்கொள்ளும். இந்தப் படத்தை அப்படியே மாற்றினால் நெற்கதிருக்குப் பதில் ஆயிரக்கணக்கான துணுக்குகள்தான் வரும்.

1. பையை மேசையில் விரித்து, சுருக்கத்தை நீவி, நாலு முனையிலும் கனம் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். வெயில் நேரே விழாத திண்ணையோ சன்னலோரமோ நல்லது.
2. கேமராவைப் பைக்கு நேர் மேலே பிடியுங்கள். காகிதத்தில் உள்ள சின்னம் என்றால் ஸ்கேனரில் 600 டிபிஐ வைத்து எடுங்கள்.
3. வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். 'ஃபோட்டோ' ஆக அனுப்பினால் அது சுருக்கித்தான் போகும்.
4. கிம்ப்பில் திறந்து, 'பெர்ஸ்பெக்டிவ்' கருவியால் கோணலை நேராக்குங்கள். தேவையற்ற ஓரங்களை வெட்டுங்கள்.
5. படம் சிறிதாக இருந்தால் 'ஸ்கேல் இமேஜ்' கொண்டு இரண்டு முதல் நான்கு மடங்கு பெரிதாக்குங்கள். வளைவுகள் வழவழப்பாக வர இது உதவும்.
6. 'காஷியன் பிளர்' சிறிது கொடுங்கள். பின்னல் மறைய வேண்டும், எழுத்து மறையக் கூடாது, அதுதான் அளவு.
7. 'கலர்ஸ்' மெனுவில் 'த்ரெஷோல்ட்'. நகர்த்தியைத் தள்ளிப் பார்த்து, கதிரின் மீசை அறுந்துபோகாமலும் நெல்மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.
8. மிஞ்சிய கறைகளை வெள்ளைத் தூரிகையால் அழித்து, பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்யுங்கள். ஜேபெக் வேண்டாம், ஓரங்களில் மறுபடி புழுதி சேரும்.

*குறிப்பு:* பல நிறப் படத்துக்கு ஏழாவது படி கிடையாது. ஒரே நிற வேலைக்கு மட்டுமே அது.

ஒரே நிறம்: இங்க்ஸ்கேப்பில் படிப்படியாக

1. 'ஃபைல்' மெனுவில் 'டாக்குமென்ட் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து அலகை மில்லிமீட்டராக்குங்கள். பையின் அச்சுப் பரப்பு அளவை இங்கேயே வையுங்கள்.
2. 'இம்போர்ட்' கொடுத்துப் படத்தைக் கொண்டுவாருங்கள். கேட்டால் 'எம்பெட்' தேர்ந்தெடுங்கள்.
3. படத்தைச் சொடுக்கித் தேர்வு செய்துவிட்டு, 'பாத்' மெனுவில் 'ட்ரேஸ் பிட்மேப்' திறங்கள்.
4. 'சிங்கிள் ஸ்கேன்' பகுதியில் 'பிரைட்னஸ் கட்ஆஃப்'. 'த்ரெஷோல்ட்' எண்ணைக் கூட்டினால் கறுப்பு கூடும். குறைத்தால் மெல்லிய கோடுகள் உதிரும்.
5. 'ஸ்பெக்கிள்ஸ்' சிறு கறைகளை நீக்கும். 'ஸ்மூத் கார்னர்ஸ்' எண்ணைக் குறைத்தால் மூலைகள் கூராகும். 'ஆப்டிமைஸ்' கணுக்களைக் குறைக்கும்.
6. முன்னோட்டம் திருப்தியாக இருந்தால் 'அப்ளை'.
7. புதிய வடிவம் பழைய படத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கும். எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி மறுபடி 'அப்ளை' கொடுப்பது எல்லாரும் செய்யும் தவறு. ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து பிரதிகள் சேரும். மேலே உள்ளதை நகர்த்திப் பாருங்கள். சரியென்றால் அடியிலுள்ள படத்தை நீக்குங்கள்.
8. 'நோட்' கருவியை எடுத்துச் சொடுக்கினால் கீழே கணுக்களின் எண்ணிக்கை தெரியும். எளிய கதிர்ச் சின்னத்துக்கு எண்ணிக்கை ஆயிரங்களில் போனால் படம் சுத்தமாகவில்லை என்று பொருள். கிம்ப்புக்குத் திரும்புங்கள்.
9. கொஞ்சம்தான் அதிகம் என்றால் 'பாத்' மெனுவில் 'சிம்ப்ளிஃபை' ஒருமுறை கொடுங்கள். அடுத்தடுத்துக் கொடுத்தால் கதிர் கரைந்து கத்தரிக்காயாகிவிடும்.

தமிழ் எழுத்தில் வரும் சிக்கல்கள்

'ஸ்பெக்கிள்ஸ்' எண்ணைக் கூட்டும்போது முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. மென்பொருளுக்கு அதுவும் கறைதான். 'பொன்னி' என்பது 'பொனனி' ஆகி, ஆயிரம் பையில் அச்சான பிறகுதான் கண்ணில் படும்.

ஆகவே எழுத்துகளை மாற்ற முயலாதீர்கள். புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள்.

1. சின்னத்தை மட்டும் வெக்டராக்குங்கள். எழுத்துப் பகுதியை கிம்ப்பிலேயே அழித்துவிடுங்கள்.
2. இலவச யூனிகோட் எழுத்துரு ஒன்றை நிறுவுங்கள். முக்தா மலர், கட்டமரான், பாலு தம்பி, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும். வணிகப் பயன்பாட்டுக்கும் தடையில்லை.
3. இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, கோப்பை 'திருத்த' என்ற பெயரில் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த வருஷம் எடையோ விலையோ மாறினால் இதில்தான் திருத்துவீர்கள்.
4. இன்னொரு பிரதியில் எழுத்தைத் தேர்ந்து 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்து வெறும் வடிவமாகிவிடும். அச்சகத்துக்குப் போக வேண்டியது இந்தப் பிரதி.

நான்காவது படியை விட்டால் என்ன ஆகும்? அச்சகக் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. பழைய பதிப்பு மென்பொருள் என்றால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும்.

*விதிவிலக்கு:* தாத்தா காலத்துப் பெயர்ப்பலகையில் துதிக்கை வைத்த 'லை', 'னை' போன்ற பழைய வடிவங்கள் இருக்கும். 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய வழக்கு அது. பெரும்பாலான யூனிகோட் எழுத்துருக்களில் அவை வராது. கையால் எழுதிய அந்த எழுத்துதான் கடையின் அடையாளம் என்றால் அதைப் படமாகவே நினைத்து, 600 டிபிஐ ஸ்கேனிலிருந்து மாற்றுங்கள். 'ஸ்பெக்கிள்ஸ்' வசதியை அணைத்துவிட்டு, கறைகளைக் கையால் நீக்குங்கள்.

உணவுப் பொட்டலத்தில் வரும் 14 இலக்க உரிம எண், பார்கோடு, பணம் வாங்கும் க்யூஆர் ஆகியவற்றையும் படத்திலிருந்து மாற்றாதீர்கள். மூலை மழுங்கினால் ஸ்கேனர் படிக்காது. எண்ணைத் தட்டச்சு செய்யுங்கள். பார்கோடும் சாதாரண க்யூஆரும் இங்க்ஸ்கேப்பின் 'எக்ஸ்டென்ஷன்ஸ்' மெனுவில் 'ரெண்டர்' பகுதியிலேயே உருவாக்கலாம்.

பல நிறம்

'ட்ரேஸ் பிட்மேப்' பெட்டியில் 'மல்டிகலர்' பகுதிக்குப் போங்கள்.

1. 'ஸ்கேன்ஸ்' எண், உங்கள் நிறங்களோடு பின்னணிக்கு ஒன்று. பச்சை, சிவப்பு, மஞ்சள் என்றால் 4.
2. 'ரிமூவ் பேக்ரவுண்ட்' குறியிடுங்கள்.
3. 'ஸ்டாக்' குறியிட்டால் ஒரு நிறம் இன்னொன்றின் அடியிலும் பரவியிருக்கும், இடைவெளி விழாது. குறியை எடுத்தால் நிறங்கள் பக்கம் பக்கமாக நிற்கும். ஓரத்தில் வெள்ளைக் கீறல் தெரியலாம். ஸ்டிக்கர் கட்டிங்குக்குக் குறியில்லாமல் எடுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு எது வேண்டுமென்று பட்டறையில் கேளுங்கள். அவர்கள் மை அடியிலுள்ள நிறத்தை மறைக்குமா என்பதைப் பொறுத்தது அது.
4. கிடைத்த தொகுப்பை 'அன்குரூப்' செய்து, ஒவ்வொரு நிறத்தையும் தனி லேயரில் போட்டு, லேயருக்கு நிறத்தின் பெயரையே வையுங்கள்.

பச்சையில் மூன்று சாயல் வந்திருந்தால் மூன்றையும் ஒரே பச்சையாக்குங்கள். ஒரு சாயலுக்கு ஒரு ஸ்கிரீன் என்பதை மறக்க வேண்டாம்.

கோலம்: ஒற்றைக் கோடு வேண்டும்

கோலத்தைச் சாதாரண முறையில் மாற்றினால் கோட்டின் இரு ஓரங்களும் தனித்தனியாக வரும். லேசர் இரண்டு தடவை ஓடி இரட்டைக் கோடு போடும். 'பிரைட்னஸ் கட்ஆஃப்' இருந்த இடத்தில் 'சென்டர்லைன் ட்ரேசிங்' தேர்ந்தெடுங்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. சிக்குக் கோலத்தில் கோடுகள் குறுக்கே வெட்டும் இடத்தில் சின்ன முறுக்கு விழும். கோலத்தில் பல சமச்சீரானவை, அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

1. கால் பகுதியை மட்டும் மாற்றி, வெட்டும் இடங்களை 'நோட்' கருவியால் நேராக்குங்கள்.
2. கோலம் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்புகிறதா, சுழன்று திரும்புகிறதா என்று பாருங்கள். சிக்குக் கோலங்களில் சுழல்பவை நிறைய. பிம்பமாகத் திருப்பினால் இழை அறுந்துபோகும்.
3. அதன்படி மூன்று பிரதி எடுத்து 90, 180, 270 பாகை சுழற்றுங்கள், அல்லது 'ஃப்ளிப்' செய்யுங்கள்.
4. சேரும் முனைகளில் இரண்டு கணுக்களையும் தேர்ந்து 'ஜாயின்' கொடுங்கள். முனை சேராவிட்டால் இயந்திரம் அங்கே தூக்கி வைத்து, கறுப்புப் புள்ளி விழலாம்.

அச்சகத்துக்கு எந்த வடிவத்தில்?

- *ஸ்கிரீன் பிரிண்டிங், சாக்கு:* பிடிஎஃப். கூடவே எஸ்விஜியும் வையுங்கள். கோரல்டிராவின் சிடிஆர் வடிவத்தில் இங்க்ஸ்கேப்பால் சேமிக்க முடியாது. கவலை வேண்டாம், கோரல்டிரா பிடிஎஃப்பையும் எஸ்விஜியையும் திறக்கும்.
- *லேசர், சிஎன்சி:* டிஎக்ஸ்எஃப். இதில் அளவு மாறிப்போவது வாடிக்கை. ஓரத்தில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை வரைந்து அனுப்பி, அங்கே அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.
- *நிறம்:* திரையில் தெரியும் பச்சையை நம்பாதீர்கள். பட்டறையின் ஷேட் கார்டில் விரல் வைத்துக் காட்டி, அந்த எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள். சிஎம்ஒய்கே கேட்டால், ஸ்கிரைபஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருள் வழியாக பிடிஎஃப் ஆக்கலாம்.

சட்டத்தில் மாட்டாமல் இருக்க

- சந்தையில் ஓடும் இன்னொரு பிராண்டின் சின்னத்தை மாற்றி, சற்றே திருத்திப் போடுவதும் வணிகக் குறி மீறல்தான். ரகத்தின் பெயர் எல்லாருக்கும் பொது. பிராண்டின் படம் அப்படியல்ல.
- கோபுரம் உள்ள அரசு முத்திரையையும் தேசியச் சின்னத்தையும் பையில் போடக் கூடாது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது.
- தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, கலைத்தட்டு, வீணை ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை. அந்தக் குறியீட்டு முத்திரையை, பதிவு செய்த பயன்பாட்டாளர் மட்டுமே போடலாம்.
- ஓர் ஓவியர் வரைந்ததை மாற்றுவதற்கு அவர் சம்மதம் வேண்டும். பொங்கல் கோலப் போட்டியில் எடுத்த படத்துக்கும் இது பொருந்தும்.

அனுப்பும் முன் சரிபார்ப்பு

1. 'அவுட்லைன்' காட்சியில் பழைய படம் எங்காவது ஒளிந்திருக்கிறதா?
2. எல்லா எழுத்தும் வடிவமாகிவிட்டதா? மெய்யெழுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணினீர்களா?
3. உண்மையான அளவில் ஏ4 தாள்களில் அச்சிட்டு, ஒட்டி, பையின் மேல் வைத்துப் பார்த்தீர்களா? கடையில் வாடிக்கையாளர் நிற்கும் தூரத்திலிருந்து பெயர் படிக்க வர வேண்டும்.
4. மெல்லிய கோடுகளைப் பட்டறைக்காரரிடம் காட்டினீர்களா? துணியில் எவ்வளவு மெல்லிய கோடு நிற்கும் என்பது அவர் ஸ்கிரீனுக்குத்தான் தெரியும்.
5. எடை, உரிம எண், ஊர்ப் பெயர் ஆகியவற்றை வடிவமைக்காத இன்னொருவர் படித்துப் பார்த்தாரா?
6. 'திருத்த' பிரதி, 'அச்சுக்கு' பிரதி, மூலப் படம் மூன்றும் இரண்டு இடங்களில் சேமிப்பில் உள்ளனவா?
7. மொத்தமும் அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு மாதிரிப் பை அடித்துத் தரச் சொன்னீர்களா? சம்பா அறுவடை தையில் வருகிறதென்றால் இந்த மாதிரி கார்த்திகையிலேயே கையில் இருக்க வேண்டும். அறுவடை நெருங்கினால் பட்டறையில் கூட்டம், திருத்த நேரம் கிடைக்காது.